வயர் டிராயிங்: மேற்பரப்பில் குறையே இல்லாத கம்பி நடுவில் கிண்ணமும் கூம்புமாக அறுவது ஏன்?

இழுகம்பி:

0.72% கார்பன் வயர் ராட் (இழுப்பதற்கு முந்தைய தடித்த எஃகுக் கம்பி). 5.5 மி.மீ.யிலிருந்து 2.50 மி.மீ. வரை எட்டு டை (கம்பியை மெலிதாக்கும் கூம்புத் துளை அச்சு). ஸ்ட்ரெயிட் லைன் மெஷின், உலர் சோப்புத் தூள், எல்லா டையும் முழுக்கோணம் 16 டிகிரி. டை வரிசை இது:

5.25 – 4.65 – 4.12 – 3.66 – 3.27 – 2.94 – 2.65 – 2.50

பெரும்பாலும் எட்டாவது டையைத் தாண்டியதும் அறுகிறது. ஒரு முனையில் கூர்மையான கூம்பு, மறு முனையில் ஆழமான கிண்ணம். அறுந்த இடத்தில் கம்பி மெலிந்திருக்கவில்லை. மைக்ரோமீட்டர் வைத்தால் 2.50தான் காட்டுகிறது. மேற்பரப்பில் கீறலோ மடிப்போ இல்லை. ராட்டின் டென்சைல் சோதனை சரி, பரப்புச் சுருக்கம் (அறும் இடத்தில் குறுக்குப் பரப்பு குறையும் அளவு) 40 சதவீதத்துக்கு மேல்.

இழுவையில் நன்றாக நீளும் உலோகம் உள்ளே மட்டும் எப்படி உடைகிறது? முதல் பாஸும் (ஒரு டை வழியே ஒரு இழுப்பு) கடைசி பாஸும் வேண்டுமென்றே லேசாக வைத்தவை: முதலாவது ராட்டின் நீள்வட்டத்தைச் சரிசெய்ய, கடைசி அளவு துல்லியமாக வர. லேசான பாஸ் கம்பிக்கு நல்லதுதானே? நடுவில் ஒரு முறை அனீலிங் (சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது) கொடுத்தால் உள்சேதம் சரியாகுமா?

---

டைரூம்:

லேசான பாஸ் கம்பிக்கு நல்லது என்பதுதான் இங்கே வினை. உங்கள் வரிசைக்குக் கணக்குப் போட்டேன். ரிடக்ஷன் (ஒரு டையில் குறுக்குப் பரப்பு குறையும் அளவு) வரிசையாக 8.9, 21.6, 21.5, 21.1, 20.2, 19.2, 18.8, 11.0 சதவீதம். நடுவில் ஆறு டையும் ஒழுங்கு. தலையும் வாலும்தான் கெட்டது.

டையில் பார்க்க வேண்டியது ரிடக்ஷனை மட்டும் இல்லை, கோணத்தையும் சேர்த்துத்தான். அதற்கு டெல்டா என்று ஒரு எண் உண்டு:

டெல்டா = (அரைக்கோணம் ரேடியனில் ÷ ரிடக்ஷன்) × (1 + √(1 − ரிடக்ஷன்))²

ரிடக்ஷனைப் பின்னமாகப் போடுங்க, 11% என்றால் 0.11. உங்கள் அரைக்கோணம் 8 டிகிரி, அதாவது 0.1396 ரேடியன். போட்டுப் பார்த்தால் முதல் டை 6.0, இரண்டாவது 2.3, ஏழாவது 2.7, எட்டாவது 4.8.

டைக்குள் கம்பி உருமாறும் பகுதி எவ்வளவு குட்டை, எவ்வளவு தடிமன் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. டெல்டா சிறியது என்றால் அந்தப் பகுதி நீளமாக இருக்கிறது, டையின் அமுக்கம் மையம் வரை போய்ச் சேர்கிறது. டெல்டா பெரியது என்றால் டை மேல்தோலை மட்டும்தான் பிசைகிறது. தோல் நீளும், மையம் தானாக நீளாது. தோல் அதைப் பிடித்து இழுக்கும். அமுக்கத்தில் இருக்க வேண்டிய மையம் நாலா பக்கமும் இழுவையில் மாட்டிக்கொள்கிறது. 2 முதல் 3க்குள் வைத்தால் பெரும்பாலும் தொந்தரவு வராது. 4ஐத் தாண்டினால் மையம் சுத்தமான ராட் மட்டும்தான் தாங்கும்.

முதல் டை 6 இருந்தும் அங்கே அறாமல் எட்டில் அறுவது ஏன் என்று கேட்பீங்க. முதல் டையில் ராட் இன்னும் மென்மை. குழி விழுந்தாலும் சின்னதாக விழும், அடுத்த ஆறு பாஸின் அமுக்கம் அதைச் சப்பையாக்கிவிடும். எட்டாவதுக்கு வரும்போது கம்பி நன்றாக இறுகிவிட்டது, நீளும் திராணி போய்விட்டது. அந்த நிலையில் மையத்தை இழுவையில் போட்டால் வேறென்ன நடக்கும்?

டை மாற்றுவதற்கு முன் ஒரு துண்டை நீளவாக்கில் அறுத்துப் பாருங்க. உள்ளே வி வடிவ விரிசல் வரிசையாக இருந்தால் டைதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் ராட்டைச் சந்தேகப்படுங்க.

---

உலோகன்:

டைரூம் சொன்ன டெல்டா கணக்கு சரி. ஆனால் கேள்வியின் முதல் பகுதி, டென்சைலில் தேறிய உலோகம் உள்ளே ஏன் உடைகிறது என்பது, இன்னும் பாக்கி இருக்கிறது.

நீளும் உலோகம் உடைவது மூன்று படிகளில். முதலில் உள்ளே இருக்கும் அந்நியத் துகள்களைச் சுற்றிக் குழி பிறக்கிறது. அலுமினா போன்ற கடினத் துகள் கம்பியோடு சேர்ந்து நீளாது. சுற்றியுள்ள எஃகு நகர்ந்துவிட, துகளின் முன்னும் பின்னும் இழுப்புத் திசையில் இரண்டு கூம்பு வடிவ வெற்றிடங்கள் விடுபடும். அல்லது துகளே உடைந்து துண்டுகளுக்கு நடுவே வெற்றிடம் திறக்கும். மாங்கனீசு சல்பைடு மென்மையானது, இழுக்க இழுக்கத் தானும் நீளும். ஆனால் எஃகோடு அதன் பிடிப்பு பலவீனம் என்பதால் குறுக்கே இழுக்கும்போது சீக்கிரம் பிரிந்துவிடும். டயர் கார்டு போன்ற நுண்கம்பிக்கான எஃகை அலுமினியம் போடாமல் சிலிக்கான், மாங்கனீசு கொண்டு ஆக்சிஜன் நீக்கித் தயாரிப்பதற்கு மேலே சொன்ன கடின அலுமினாத் துகள்தான் காரணம். பியர்லைட்டில் (இரும்பும் இரும்புக் கார்பைடான சிமென்டைட்டும் மாறி மாறி அடுக்கிய அமைப்பு) தடித்த சிமென்டைட் தகடுகள் முறியும் இடத்திலும் குழி பிறக்கும். தகடு மெல்லியதாக இருந்தால் முறியாமல் வளைந்து கொடுக்கும்.

இரண்டாவது, குழி வளர்வது. எல்லாம் தீர்மானமாகும் இடம் இது. குழி எவ்வளவு வேகமாக வளரும் என்பதை முடிவு செய்வது நீட்சி மட்டும் அல்ல. சராசரி அழுத்தத்துக்கும் (ஸ்ட்ரெஸ்; இழுவை நேர்க்குறி, அமுக்கம் எதிர்க்குறி) சமான அழுத்தத்துக்கும் (எல்லாத் திசையையும் சேர்த்த ஒற்றை எண்) உள்ள விகிதம் அதைவிட முக்கியம். அதை ட்ரையாக்ஸியாலிட்டி என்கிறோம். சாதாரண ஒற்றைத்திசை இழுவையில் அது 1/3, சுத்தமான நறுக்கு விசையில் 0, ஒற்றைத்திசை அமுக்கத்தில் −1/3. ரைஸ், ட்ரேசி இருவரும் 1969இல் கொடுத்த சூத்திரப்படி, ஒரே அளவு நீட்சிக்குக் குழியின் ஆரம் வளரும் வீதம் 0.283 × எக்ஸ்ப்(1.5 × ட்ரையாக்ஸியாலிட்டி). விகிதம் 1/3 என்றால் 0.47, 1 என்றால் 1.27, 2 என்றால் 5.7. எக்ஸ்பொனென்ஷியல் என்பதால் இழுவைப் பக்கம் சிறிது நகர்ந்தாலும் பலன் பல மடங்கு. எதிர்ப்பக்கம் போனால் குழி வளராது, நசுங்கி மூடப் பார்க்கும். பிரிட்ஜ்மன் 1940களில் உயர் திரவ அழுத்தத்துக்குள் வைத்து எஃகை இழுத்தபோது, வெளியே உடைய வேண்டிய நீட்சியைத் தாண்டிப் பல மடங்கு நீண்டதும் இதனால்தான்.

டென்சைல் கம்பியில் கழுத்து விழும் வரை விகிதம் 1/3. கழுத்து விழுந்ததும் பிரிட்ஜ்மன் சூத்திரம்: 1/3 + மடக்கை(1 + கழுத்தின் ஆரம் ÷ இரு மடங்கு வளைவு ஆரம்), இங்கே மடக்கை என்பது இயல் மடக்கை. இரண்டு ஆரமும் சமம் என்றால் மையத்தில் 0.74. ஆகவே முதலில் உடைவது கழுத்தின் நடு. விரிசல் வெளியே பரவி, விளிம்பில் 45 டிகிரியில் நறுக்கி முடிகிறது. டென்சைல் மாதிரியிலும் கிண்ணம்–கூம்பு வருவது இப்படித்தான். உங்கள் கம்பியில் கழுத்து இல்லாமலே அது வந்திருக்கிறது. காரணம், மையத்தை மூன்று திசை இழுவையில் வைக்கும் வேலையைக் கழுத்துக்குப் பதில் டையின் வடிவமே செய்துவிட்டது. ராட்டின் டென்சைல் முடிவில் இது தெரியாது. அந்தச் சோதனை ராட்டை இந்த நிலையில் வைத்துப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது, குழிகள் சேர்வது. பக்கத்துப் பக்கத்துக் குழிகளுக்கு இடையே இருக்கும் சிறு தூண்களே மெலிந்து அறும். அல்லது பெரிய குழிகளுக்கு நடுவே மிக நுண்ணிய கார்பைடுகளில் புதிய குழிகள் கூட்டமாகத் திறந்து, சாய்வான தளத்தில் ஒரே மூச்சில் கிழியும். பிறப்புக்கும் வளர்ச்சிக்கும் பல பாஸ் ஆகும். சேர்வதற்கு ஒரு பாஸே போதும்.

அனீலிங் பற்றி: அது இறுக்கத்தைக் குறைக்கும், குழியை மூடாது. குழியின் இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்ட வெப்பத்தோடு அழுத்தமும் வேண்டும். பேட்டன்டிங்கிலும் (கம்பியைச் சூடாக்கி, கட்டுப்படுத்திக் குளிர்வித்து நுண் பியர்லைட் ஆக்குவது) அதே கதைதான். முன்கூட்டியே கொடுத்தால் நீளும் திறன் கூடி, குழி பிறப்பது தள்ளிப்போகும். பிறந்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

---

மெட்லேப்:

செக்‌ஷன் எடுப்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அறுந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் 30–40 மி.மீ. துண்டு எடுத்து, நீளவாக்கில் மவுன்ட் செய்து, மையக்கோடு வரை தேய்க்க வேண்டும். தேய்த்த முகத்தின் அகலம் கம்பியின் விட்டத்துக்குச் சமமாக வரும்போதுதான் மையம். ஆனால் மையத்துக்குக் கிட்டே அகலம் மிக மெதுவாகத்தான் மாறும்: 2.5 மி.மீ. கம்பியில் 0.3 மி.மீ. விலகியிருந்தாலும் அகலம் 2.43 காட்டும், சரி என்று தோன்றிவிடும். ஆரம்ப நிலை விரிசல் அதற்குள்ளேயே அடங்கிவிடலாம். ஆகவே மையத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்தே பாலிஷ் செய்து பார்த்து, தேய்த்து, மறுபடி பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

கடைசி பாலிஷ் 1 மைக்ரான் டைமண்ட். முதலில் எட்ச் (அமிலத்தால் லேசாக அரிப்பது) செய்யாமல் பாருங்கள். எட்ச் செய்தால் சின்னக் குழி பெரிதாகும், துகள் பிடுங்கிய இடமும் குழி போலத் தெரியும். பார்த்து முடித்தபின் 2% நைட்டால் (ஆல்கஹாலில் நைட்ரிக் அமிலம்), சில விநாடிகள் போதும். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று மார்ட்டென்சைட்: தொடர் வார்ப்பு பில்லெட்டின் நடுவில் மாங்கனீசு ஒதுங்கி, அந்த இடத்தின் இறுகும் திறன் கூடியதால், அதே குளிர்ச்சியிலும் அங்கே மட்டும் பியர்லைட்டாகாமல் இறுகியது. மைக்ரோ ஹார்ட்னெஸ் 700 விக்கர்ஸைத் தாண்டும். மற்றது தானிய எல்லையில் வலைபோல் படிந்த சிமென்டைட்: நைட்டாலில் வெள்ளையாகவே இருக்கும், கொதிக்கும் காரச் சோடியம் பிக்ரேட்டில் கறுக்கும். 0.72% எஃகில் சிமென்டைட் வலை வர நடுவில் கார்பன் நன்றாகவே ஒதுங்கியிருக்க வேண்டும்.

இந்தச் சோதனையை இழுத்த கம்பியோடு நிறுத்தாமல், அதே ஹீட்டின் (ஒரே உருக்கலில் வந்த எஃகின்) ராட்டிலும் செய்யுங்கள். இழுத்த பிறகு ஒதுக்கப்பட்ட பகுதி நூலாக மெலிந்துவிடும், தேடுவது கடினம். ராட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டை வரிசையை எவ்வளவு திருத்தினாலும் அறுவது குறையுமே தவிர நிற்காது.

---

இழுகம்பி:

இரண்டு துண்டிலும் செக்‌ஷன் பார்த்தாயிற்று. வி வடிவ விரிசல்கள் ஏறக்குறைய சம இடைவெளியில், 3 முதல் 4 மி.மீ.க்கு ஒன்று. வெள்ளைக் கோடு இல்லை, ராட்டிலும் இல்லை. சில இடங்களில் அலுமினாத் துகள்கள் உண்டு, கொத்தாக இல்லை. மெஷினில் எட்டு பிளாக்குக்கும் (கம்பியை இழுத்துச் சுற்றும் உருளை) தனித்தனி மோட்டார், டான்சர் (கம்பியின் இறுக்கத்தை உணர்ந்து வேகத்தைச் சரிசெய்யும் கை) கட்டுப்பாடு. டை எண்ணிக்கையைக் குறைக்காமல் என்ன வரிசை வைக்கலாம்? கடைசி பாஸ் கனமானால் அளவு தாண்டாதா?

---

டைரூம்:

சம இடைவெளி வி என்றால் டைதான், சந்தேகமே இல்லை. தனி மோட்டார் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். கியர் விகிதம் நிலையாக உள்ள பழைய மெஷினில் இஷ்டத்துக்கு ரிடக்ஷன் மாற்ற முடியாது.

எட்டு டைக்கு இப்படி வைத்துப் பாருங்க:

4.95 – 4.46 – 4.02 – 3.63 – 3.29 – 2.99 – 2.73 – 2.50

ரிடக்ஷன் 19.0இல் தொடங்கி 18.8, 18.8, 18.5, 17.9, 17.4, 16.6 என இறங்கி 16.1இல் முடியும். கம்பி இறுக இறுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கடைசி பிளாக்கில் இழுப்பு விசையும் அளவோடு நிற்கும். இப்போதுள்ள 16 டிகிரி டையிலேயே டெல்டா 2.7 முதல் 3.2. முழுக்கோணம் 12 டிகிரிக்கு மாற்றினால் 2.0 முதல் 2.4. எட்டையும் ஒரே நாளில் மாற்றக் கையில் டை இல்லையென்றால் கடைசி மூன்றை முதலில் 12க்கு மாற்றுங்க, மற்றது தேயும்போது மாறட்டும்.

ஏழே டையில் முடிக்கவும் முடியும், பாஸுக்கு 20.2% சமமாக வரும். ஆனால் கடைசி பாஸில் அவ்வளவு போட்டால் சூடு ஏறும். நான் எட்டிலேயே நிற்பேன்.

அளவு பற்றிய பயம் வேண்டாம். அளவைப் பிடிப்பது டையின் பேரிங் (கூம்புக்குப் பிறகு வரும் நேரான துளைப் பகுதி), ரிடக்ஷன் இல்லை. பேரிங் நீளம் விட்டத்தில் 30 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 2.50 டைக்கு 0.75 முதல் 1.25 மி.மீ. கடைசியில் லேசான பாஸ் தவிர்க்கவே முடியாது என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், அந்த டைக்கு மட்டும் முழுக்கோணம் 10 டிகிரி: 11% ரிடக்ஷனிலும் டெல்டா 3.0க்கு வந்துவிடும்.

கோணத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்றும் நினைக்காதீங்க. கோணம் குறைந்தால் தொடும் நீளம் கூடும், உராய்வு கூடும், சூடு ஏறும். டெல்டா 1.5க்குக் கீழே போனால் மையம் பிழைக்கும், ஆனால் சோப்புப் படலம் கிழிந்து மேற்பரப்பு கீறும். உயர் கார்பன் கம்பி 200 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் ஏஜிங் (சூட்டில் இறுகி நீளும் திறன் இழப்பது) ஆகி முறுக்குச் சோதனையில் நீளவாக்கில் பிளக்கும். பிளாக்குத் தண்ணீரும் டை பெட்டித் தண்ணீரும் ஒழுங்காக ஓடுகிறதா பாருங்க.

இன்னும் இரண்டு. டான்சரின் பின்இழுவையை (டைக்குள் நுழையும் கம்பியைப் பின்பக்கம் இழுக்கும் விசை) குறைந்தபட்சத்துக்கு இறக்குங்க. பின்இழுவை டை அழுத்தத்தைக் குறைப்பது டைக்கு நல்லதாகத் தோன்றும், மையத்துக்கு நேரெதிர்: எல்லாத் திசை இழுவையைக் கூட்டிவிடும். அப்புறம் டையில் கம்பி நுழையும் இடத்தில் வளையம் போலத் தேய்வு விழுந்திருக்கிறதா பாருங்க. வளையம் விழுந்த டையில் பெயருக்கு 12 டிகிரி இருந்தாலும் கம்பி தொடும் இடத்தில் கோணம் வேறு. புது டையில் சரியாக ஓடி, சில டன் கழித்து மறுபடி அறத் தொடங்கினால் முதல் சந்தேகம் இந்த வளையம்தான்.

---

மெஷ்கட்டி:

சிமுலேஷன் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: அச்சுச் சமச்சீர் மாடல் போதும். ஆரத்தில் குறைந்தது 10–12 எலிமென்ட் (மாடலைப் பிரிக்கும் சிறு கட்டம்), உராய்வுக் குணகம் உலர் சோப்புக்கு 0.05 முதல் 0.1. எட்டு பாஸையும் தொடராக ஓட்டி, அழுத்தத்தையும் சேதத்தையும் ஒரு பாஸிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோக வேண்டும். எட்டாவதை மட்டும் தனியாக ஓட்டினால் பழைய வரிசையும் பாதுகாப்பாகத்தான் தெரியும்.

எந்தச் சேத மாடல்? டை ஒப்பீட்டுக்கு 1968இன் காக்ராஃப்ட்–லேதமே போதும். மிகப் பெரிய முதன்மை இழுவிசையை நீட்சியோடு பெருக்கிக் கூட்டுவது, அவ்வளவுதான். அந்த விசை அமுக்கமாக இருந்தால் சேராது. இதில் வரும் எண்ணை வைத்து "இந்த மில்லிமீட்டரில் அறும்" என்று ஆரூடம் சொல்லக் கூடாது. பழைய வரிசை, புது வரிசை இரண்டிலும் மையத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதைவிட எளிது: ஒவ்வொரு டையிலும் மையக்கோட்டில் சராசரி அழுத்தத்தின் குறியை மட்டும் வரைந்து பாருங்கள். நேர்க்குறியில் நிற்கும் டைதான் குற்றவாளி.

கர்சன் மாடல் (1977), அதற்கு ட்வெர்கார்ட், நீடில்மன் செய்த திருத்தங்கள் குழியின் பிறப்பு, வளர்ச்சி, சேர்க்கை மூன்றையும் தனித்தனியே கணக்கில் எடுக்கும். ஆனால் விலை உண்டு. முதல் இரண்டு குணகங்களுக்கு 1.5, 1.0 என்று எல்லோரும் போடுவது சரி. பிறப்புக்கான குழிப் பங்கு 0.04, சராசரி நீட்சி 0.3, பரவல் 0.1 என்று கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவதை அப்படியே எடுத்துப் போட்டால் அது உங்கள் எஃகு அல்ல. ஒரே ஒரு வழவழப்பான டென்சைல் வளைவுக்குப் பொருந்தும் குணகத் தொகுப்புகள் எத்தனையோ உண்டு. குறைந்தது இரண்டு வேறு ஆரத்தில் வெட்டுப் பள்ளம் வைத்த மாதிரிகளையும் இழுத்து, மூன்றுக்கும் ஒரே தொகுப்பு பொருந்துகிறதா பார்க்க வேண்டும். எலிமென்ட் அளவையும் குணகத்தோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள். மெஷ் மாறினால் முறியும் இடமும் மாறும். ட்ரையாக்ஸியாலிட்டி பூஜ்ஜியத்துக்கு அருகில் இந்த மாடலில் குழி வளராது. நறுக்கில் வரும் சேதம் வேண்டுமென்றால் நாஷன், ஹட்சின்சன் 2008இல் சேர்த்த திருத்தம் தேவை. மைய விரிசலுக்கு அது அவசியப்படாது.

---

மெட்லேப்:

ஏற்கெனவே இழுத்து வைத்த காயில்களை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அவசரம். வழக்கமான முறுக்குச் சோதனையிலும் வளைவுச் சோதனையிலும் தேறிவிட்டது என்று அனுப்பிவிடாதீர்கள். முறுக்கிலும் வளைவிலும் அழுத்தம் தோலில் உச்சம், மையத்தில் ஏறக்குறைய பூஜ்ஜியம். மைய விரிசல் அந்த இரண்டுக்கும் தெரியாமலே தப்பலாம். எடி கரன்ட் (சுழல் மின்னோட்ட) சோதனையும் மேற்பரப்பைத்தான் பார்க்கும்.

மையத்தைச் சோதிப்பது இழுவைதான். விரிசல்கள் 3–4 மி.மீ.க்கு ஒன்று என்பதால், அந்தப் பகுதியிலிருந்து வந்த 200 மி.மீ. அளவு நீளத்தில் ஐம்பதுக்கு மேல் இருக்கும், கட்டாயம் மாட்டும். காயிலின் இரு முனையிலும் மாதிரி எடுத்து இழுங்கள். பலத்தைவிட, முறிந்த முகத்தைப் பாருங்கள்: கழுத்தில்லாமல் கூம்பாக வந்தால் அந்தக் காயில் முழுவதும் சந்தேகம். முனைகள் சரியாக வந்தாலும் நடுப்பகுதி சரி என்று அர்த்தமில்லை. ஒரே டையில் அடுத்தடுத்து ஓடிய காயில்களை ஒரே கூட்டமாக எடுத்து முடிவு செய்யுங்கள்.

கம்பிக்கயிறுக்கும் ஸ்பிரிங்குக்கும் போகவிருந்த கம்பி என்றால் ஸ்கிராப்தான். இன்னும் மெல்லிய அளவுக்கு இழுத்து வேறு ஆர்டரில் தள்ளும் யோசனை இருந்தால் விடுங்கள், அடுத்த மெஷினில் முதல் இரண்டு டையிலேயே அறும்.